அம்மாவைக் கடலருகே சேர்த்தவர்களுக்கு நன்றி

சென்னையில் நான்கு நாட்கள் எங்களுக்குத் துணைநின்ற அனைவருக்கும் வணக்கம்.

72 வயதான என் அம்மா, முதுகுத்தண்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு 9 ஆண்டுகளாகச் சக்கர நாற்காலியில்தான் நடமாடுகிறார். சென்ற முறை சென்னை வந்தபோது காமராஜர் சாலையோரம் நிறுத்திய காருக்குள் இருந்தபடியே மெரினாவைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். இந்த முறை அலைச்சத்தம் காதில் விழும் தொலைவுக்குத் தன் நாற்காலியிலேயே சென்றார்.

விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, மணலின் குறுக்கே 263 மீட்டர் நீளத்துக்கு மரப்பலகைகளால் அமைந்த பாதை 2022 நவம்பரில் திறக்கப்பட்டது. அதற்கு முன்பெல்லாம் டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் நாளையொட்டிச் சில நாட்களுக்கு மட்டும் தற்காலிகப் பாதை போட்டு, பிறகு எடுத்துவிடுவார்கள். அது போதாது, ஆண்டு முழுவதும் பாதை வேண்டும் என்று விடாமல் கேட்டு வாங்கித் தந்த மாற்றுத்திறனாளி உரிமை இயக்கத்தினருக்கே எங்கள் முதல் நன்றி. உங்களில் ஒருவரையும் நாங்கள் நேரில் பார்த்ததில்லை. திறந்த இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் பாதையைச் சேதப்படுத்திய பிறகும், அப்படியே கைவிடாமல் சீரமைத்துத் தந்த ஊழியர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். அன்று மாலை பாதையில் நின்று படமெடுத்துக்கொண்டிருந்தவர்களிடம் பணிவாகச் சொல்லி, கடைசிவரை எங்களுக்கு வழி வாங்கித் தந்த கல்லூரி மாணவிகள் இருவரும் இதைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். பாதை முடியும் இடத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அம்மா முக்கால் மணி நேரம் பேசாமல் அமர்ந்திருந்தார்.

எழும்பூரில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் மாறி, அரசினர் தோட்டத்தில் இறங்கியது வரை ஒரு படிகூட எங்களைத் தடுக்கவில்லை. நடைமேடையும் ரயிலின் தளமும் ஒரே மட்டத்தில் இருந்தன. மின்தூக்கி இருக்கும் பக்கத்தைக் காட்ட நிலைய ஊழியர் ஒருவர் கூடவே வந்தார். அங்கிருந்து கடற்கரைக்கு நாற்காலியை மடித்து ஏற்றிக்கொண்டு சென்ற ஆட்டோ அண்ணன், காத்திருந்த நேரத்துக்குத் தனிக்காசு கேட்கவில்லை.

முதலில் பதிவு செய்த விடுதியில் "லிஃப்ட் இருக்கிறது" என்றார்கள். லிஃப்ட் இருந்தது, ஆனால் அதை அடைய வாசலில் மூன்று படிகள், குளியலறைக் கதவோ நாற்காலியைவிடக் குறுகல். இரவு ஒன்பது மணிக்கு வேறு இடம் தேடி அலைந்தபோது, இரண்டாவது விடுதியின் வரவேற்பில் இருந்த தம்பி, "அறை இருக்கிறது" என்று சொல்வதற்கு முன்பே அளவுநாடாவோடு போய்க் குளியலறைக் கதவை அளந்து வந்தார். சக்கர நாற்காலியில் பயணம் செய்பவர்களுக்கு வேண்டிய தகவல் அந்த அளவுதான். எல்லா விடுதிகளும் அதை முன்கூட்டியே சொன்னால் எத்தனையோ குடும்பங்கள் துணிந்து கிளம்பும்.

திருச்சிக்குத் திரும்பும் ரயிலின் படிகள் உயரமானவை. அங்கே தூக்கித்தான் ஏற்ற வேண்டியிருந்தது. எழும்பூரில் சுமைதூக்கும் தொழிலாளர்கள் இருவர், "எங்கே பிடித்தால் வலிக்காது, சொல்லுங்கம்மா" என்று கேட்டு, அவர் சொன்னபடியே பிடித்து ஏற்றினார்கள். என்னிடம் கேட்காமல் அம்மாவிடமே கேட்டார்கள். அடுத்த முறை வரும்போது உங்கள் இருவருக்கும் மணப்பாறை முறுக்கு கொண்டுவருவதாக அம்மா எழுதச் சொன்னார்.

நன்றியுடன்,
ஒரு மகள், திருச்சி