சுவரில் காடி வெட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய கலைக்கூடங்களில் திரை, ஒலி விளக்கம் எல்லாம் வர வேண்டும் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். வரட்டும். சபாக்களுக்கும் மண்டபங்களுக்கும் ஒலி அமைத்துப் பிழைத்தவன் நான், வேண்டாம் என்பேனா? ஆனால் டெண்டர் எழுதுகிறவர்கள் முதலில் கட்டடத்தைப் பார்க்க வேண்டும்.

எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் உள்ள தேசியக் கலைக்கூடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கட்டடக் கலைஞர் ஹென்றி இர்வின் வடிவமைத்து, ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியார் கட்டி, 1909-இல் திறந்தது. முகப்பில் இளஞ்சிவப்பு மணற்கல். புது வீட்டில் செய்வதுபோல அங்கே சுவரில் காடி, அதாவது நீளப் பள்ளம், வெட்டி வயர்க் குழாய் பதித்துச் சிமென்ட் பூசினால், அந்தக் காலச் சுண்ணாம்புச் சுவரின் ஈரம் வெளியேற வழியில்லாமல் பக்கத்துப் பூச்சைத் தள்ளிக்கொண்டு வரும். மணற்கல்லில் போட்ட துளையோ போட்டதுதான். துளைத்தே ஆகவேண்டுமென்றால் கல்லை விட்டுவிட்டு, கற்களுக்கு இடையே உள்ள இணைப்புக் காரையில் துளைக்கலாம். காரையைத் திரும்பப் பூசிக்கொள்ள முடியும். அதைவிட, திரையையும் புரொஜெக்டரையும் தரையில் நிற்கும் சட்டத்தில் மாட்டி, வயரை அதன் காலுக்குள்ளேயே இறக்கிவிடுவது மேல். புரொஜெக்டர் பத்து வருஷம் ஓடினால் அதிகம். அதைக் கழற்றி எடுத்துப் போகும்போது, அது அங்கே இருந்ததே சுவருக்குத் தெரியக்கூடாது.

ஒலிதான் பெரிய வம்பு. உயர்ந்த கூரையும் வளைவுகளும் உள்ள கூடத்தில் ஒரு சொல் அடங்குமுன் அடுத்த சொல் வந்து அதன்மேல் ஏறும். புரியவில்லையே என்று சத்தத்தைக் கூட்டுவார்கள்; இன்னும் குழம்பும். (கல்யாணத்தில் நாதஸ்வரத்துக்கே மைக் கேட்கிற ஊர் இது.) ஸ்பீக்கரே வேண்டாம். அவரவர் கைப்பேசி, காதில் ஹெட்போன், கேட்க நல்ல தமிழில் ஒரு விளக்கம், பார்வையற்றோருக்குத் தனியாக ஒன்று. போதும்.

வெளிச்சத்துக்கும் கணக்கு உண்டு. எண்ணெய் ஓவியத்துக்கு 200 லக்ஸ் (லக்ஸ் என்பது ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அளவு), நீர்வண்ணத்துக்கும் துணிக்கும் 50 லக்ஸ் என்பது அருங்காட்சியகங்களில் பொதுவாகப் பின்பற்றும் வரம்பு. ரவி வர்மா ஓவியத்துக்கு எதிரே பளீரென்று திரை ஓடினால் அதுவும் அந்தக் கணக்கில்தான் சேரும். வெளிச்சத்தால் நிறம் போனது போனதுதான், ராத்திரி விளக்கை அணைப்பதால் திரும்பாது.

திறப்பு விழாவன்று எல்லாம் ஓடும். ஆறு மாதத்தில் ‘பழுது’ என்று தாள் ஒட்டியிருக்கும். ஆகவே டெண்டரிலேயே ஐந்து வருஷப் பராமரிப்பையும், எந்த வயர் எங்கே போகிறது என்ற வரைபடத்தையும் கட்டாயமாக்க வேண்டும். வரைபடம் இல்லாவிட்டால் அடுத்து வரும் எலக்ட்ரீஷியன் முதலில் எடுப்பது டிரில்லைத்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒலி அமைப்பாளர்,
புரசைவாக்கம், சென்னை.