முதல் விவாகரத்து வழக்கை எடுக்கும் மகளுக்கு

அன்புள்ள கயல்,

ஒரு விவாகரத்துக் கேஸைத் தனியாகப் பார்க்கச் சொல்லி சீனியர் உன்னிடம் கொடுத்திருக்கிறார் என்று அப்பா சொன்னார். ரொம்ப சந்தோஷம். போனில் பேச ஆரம்பித்தால் பாதியில் உனக்கு வேறு வேலை வந்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

கேஸோடு வரும் அந்தப் பெண் முதல் நாள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டுவாள். குறுக்கே பேசாமல் கேள். உன்னை வக்கீலாக வைத்துக்கொள்ளும் வக்காலத்தில் அன்றைக்கே கையெழுத்து வாங்காதே. சில நாள் கழித்து வரச் சொல். இரண்டாவது முறை சொல்லும்போதுதான் நடந்தது எது, கோபத்தில் வந்தது எது என்று பிரியும். ஆனால் வீட்டில் அடி விழுகிறது என்றால் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதே. 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் பாதுகாப்பு உத்தரவு கேட்டு உடனே மனுவைத் தயார் செய்.

பெட்டிஷனில் நிரூபிக்க முடிந்ததை மட்டும் எழுது. கேஸுக்குக் கனம் சேர்க்கிறேன் என்று கணவனுடைய நடத்தையைப் பற்றி ஒரு பத்தி சேர்க்கச் சொல்வார்கள், பெரும்பாலும் கூட வரும் மாமாவோ சித்தப்பாவோ. சேர்க்காதே. அவன் தரப்புப் பதில் மனுவில் அதற்கு இரண்டு மடங்காகப் பதில் வரும், அப்புறம் மீடியேஷனில் இருவரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். தீர்ப்பு வந்த பிறகும் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கும் காய்ச்சலுக்கும் ஒருவரை ஒருவர் கூப்பிட்டாக வேண்டியவர்கள் அவர்கள். சட்டப்படியும் அது ஆபத்து. மனைவியின் ஒழுக்கத்தைப் பழித்துப் பதில் மனுவில் எழுதியதையே மனக்கொடுமையாக உச்ச நீதிமன்றம் 2003-இல் விஜயகுமார் பாட்டே வழக்கில் எடுத்துக்கொண்டது. அந்தத் தீர்ப்பை முழுசாகப் படி.

நகை விஷயத்தில் அவசரப்படாதே. கல்யாண ஆல்பத்தைக் கொண்டு வரச் சொல்லி, இந்த ஆரம் யார் போட்டது, இப்போது எங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுது. கடை ரசீது இருந்தால் சேர்த்துக்கொள். என்னிடம் வந்த ஒரு பெண் ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டே வந்து ஒரு காசு மாலையில் விரலை வைத்து, "இதை நாத்தனார் கல்யாணத்துக்கு நானேதான் கழற்றிக் கொடுத்தேன், இது வேண்டாம் மேடம்" என்றாள். அந்த வரியை அடித்தேன். மீதிப் பட்டியலில் ஒன்றைக்கூட எதிர்த்தரப்பு மறுக்கவில்லை. சீதனம் பெண்ணின் சொந்தச் சொத்துதான் என்று 1985-இல் பிரதிபா ராணி வழக்கிலேயே சொல்லியாயிற்று, ஆனால் எது சீதனம் என்று காட்டுவது நம் வேலை.

பரஸ்பர சம்மதத்துக்கு வந்தால் நல்லது. மனு போட்ட பிறகு இருக்க வேண்டிய ஆறு மாதக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் அமர்தீப் சிங் வழக்கில் வழி திறந்தார்கள். அதற்கும் ஜீவனாம்சம், குழந்தை எல்லாம் பேசித் தீர்ந்திருக்க வேண்டும். "எனக்கு எதுவும் வேண்டாம், விட்டால் போதும்" என்று அவள் சொல்வாள். களைப்பில் சொல்லும் பேச்சு அது, அப்படியே ஒப்பந்தத்தில் ஏற்றிவிடாதே. 2020-இன் ரஜ்னேஷ் - நேஹா தீர்ப்புப்படி ஜீவனாம்ச மனு போட்டால் இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டும். அதைப் பார்த்துவிட்டு அவள் முடிவெடுக்கட்டும்.

குழந்தையை அப்பா பார்ப்பதற்கு எந்தக் கிழமை, எத்தனை மணி, யார் கொண்டுவந்து விடுவது, தீபாவளி யார் வீட்டில் என்று ஒன்றுவிடாமல் எழுது. "அவ்வப்போது பார்க்கலாம்" என்று எழுதிய ஒப்பந்தங்கள் திரும்ப கோர்ட்டுக்கு வந்து நிற்பதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். நீதிபதி கேட்டாலொழிய வாய்தாவுக்குக் குழந்தையைக் கூட்டி வர வேண்டாம் என்று அவளிடம் கண்டிப்பாகச் சொல்.

டிராப்ட் தயாரானதும் சீனியரிடம் கேட்டுக்கொண்டு, பெயர், ஊர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு எனக்கு அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படித்துவிட்டுக் கூப்பிடுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா