மிரர் தாமதித்தால் கண்ட தளத்தில் இறக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கணினிப் பகுதியில் அண்மையில் வந்த மென்பொருள் புதுப்பிப்பு பற்றிய கட்டுரையைப் படித்தேன். புதிய பதிப்பு வெளியானதும் அதை உடனே பெற்றுவிட வேண்டும், வழக்கமான மிரர் சர்வரில் (மூலத் தளத்தின் நகலை வைத்து வழங்கும் சர்வரில்) இன்னும் வந்து சேரவில்லையென்றால் வேறெந்தத் தளத்தில் கிடைத்தாலும் இறக்கிக்கொள்ளலாம் என்று அதில் சொல்லப்பட்டிருந்தது. பெர்ல் நிரல்கள் ஓடும் லினக்ஸ் சர்வர்களைப் பராமரிப்பதே என் தொழில். அந்த ஆலோசனையின் முதல் பாதியைச் சில நிபந்தனைகளோடு ஏற்கலாம். இரண்டாம் பாதியை ஏற்கவே முடியாது.

பெர்ல் என்ற நிரல்மொழியின் சிபான் (CPAN) களஞ்சியத்தையே எடுத்துக்கொள்கிறேன். 1995 முதல் இயங்கும் இதில் இன்று இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மாட்யூல்கள் (பிற நிரல்களில் சேர்த்துக்கொள்ளும் ஆயத்த நிரல் தொகுதிகள்) உள்ளன. ஒருவர் தம் மாட்யூலை 'பாஸ்' என்ற பதிவேற்றச் சர்வரில் ஏற்றியதும், அந்தக் கோப்பு அவருடைய பெயருக்குரிய அடைவில் (ஃபோல்டரில்) வைக்கப்படுகிறது; அதன் பிறகு, எந்த மாட்யூலின் எந்தப் பதிப்பு எந்தக் கோப்பில் இருக்கிறது என்று காட்டும் பொது அட்டவணை புதுப்பிக்கப்படுகிறது. மிரர்கள் இவ்விரண்டையும் தத்தம் வசதிப்படி நகலெடுத்துக்கொள்கின்றன. நாளுக்கு ஒருமுறை மட்டும் நகலெடுக்கும் மிரரில், காலையில் வெளியான மாட்யூல் மறுநாள்தான் தென்படும்.

ஆனால் எல்லாத் தாமதத்துக்கும் மிரரே காரணம் என்று நினைத்துவிடக் கூடாது. கோப்பு வந்து அட்டவணை வராமல் இருந்தால், புதிய பதிப்பு பக்கத்திலேயே கிடந்தாலும் நிறுவும் கருவிக்கு அது தெரியாது. அட்டவணை வந்து கோப்பு வராமல் இருந்தால், கோப்பு இல்லை என்ற பிழைச் செய்தி வரும். இரண்டும் வந்துவிட்ட பிறகும், பெர்லுடனேயே வரும் நிறுவுகருவி தான் முன்பு இறக்கிவைத்த அட்டவணையை ஒரு நாள் வரை அப்படியே பயன்படுத்திக்கொண்டு, உங்களிடம் இருப்பதே கடைசிப் பதிப்பு என்று சாதிக்கும். அட்டவணையை மீண்டும் ஏற்றும் கட்டளையைக் கொடுத்தாலே பலருடைய பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். போதாக்குறைக்கு, 'ட்ரையல்' என்ற ஒட்டுடனோ பதிப்பு எண்ணில் அடிக்கோடுடனோ வரும் சோதனை வெளியீடுகள் அட்டவணையில் சேர்க்கப்படுவதே இல்லை. அவற்றுக்காக மிரரைத் திட்டிப் பயனில்லை.

மிரர் உண்மையிலேயே பின்தங்கியிருக்கிறதா என்பதை அறிய எளிய வழி உண்டு. அந்த அட்டவணைக் கோப்பை இறக்கித் திறந்தால், தொடக்க வரிகளிலேயே அது கடைசியாகப் புதுப்பிக்கப்பட்ட தேதியும் நேரமும் இருக்கும். அந்த நேரம் கிரீன்விச் கணக்கில் எழுதப்பட்டிருப்பதால் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டும். கூட்டாமல் பார்த்துவிட்டு மிரர் தூங்குகிறது என்று முடிவு கட்டுவோர் நம்மில் குறைவல்ல.

பின்தங்கியிருப்பது உறுதியானால், சிபானின் மூலத் தளத்துக்கே போவதுதான் முறை. அத்தளம் இப்போது உலகெங்கும் பரவிய சி.டி.என். (பயனருக்கு அருகிலுள்ள சர்வரிலிருந்து கோப்பைத் தரும் வலையமைப்பு) வழியாக வழங்கப்படுவதால், தொலைவைக் காரணம் காட்டி அருகிலுள்ள மிரரைத் தேடிய பழைய அவசியம் பெரும்பாலும் நீங்கிவிட்டது. அங்கே மாட்யூலை எழுதியவரின் அடைவில் உள்ள கோப்பின் முழு முகவரியை, அதை ஏற்கும் நிறுவுகருவிக்கு நேரடியாகக் கொடுத்தால் அது அட்டவணையைப் பாராமலேயே நிறுவும். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த மாட்யூல் வேறொரு மாட்யூலின் புதிய பதிப்பைக் கேட்டால், கருவி அதைத் தேடிப் பழைய மிரருக்குத்தான் திரும்பிப் போகும். ஆகவே அந்த ஒரு வேலைக்கு மட்டுமாவது மிரர் அமைப்பையே மூலத் தளத்துக்கு மாற்றிவிடுவது நல்லது.

கண்ட தளத்திலிருந்து இறக்குவதை நான் இவ்வளவு கடுமையாக மறுப்பதற்குக் காரணம் இருக்கிறது. மாட்யூல் எழுதிய ஒவ்வொருவரின் அடைவிலும், கோப்புகளின் சரிபார்ப்பு எண்களைக் கொண்ட, 'பாஸ்' சர்வரின் மின்கையொப்பம் இட்ட கோப்பு ஒன்று இருக்கிறது. இறக்கிய கோப்பு அசல்தானா என்பதற்கு அதுவே சான்று. அந்தச் சான்றைச் சரிபார்க்கும் முறையிலேயே ஓட்டை இருந்தது 2021-இல் வெளிப்பட்டது: கெட்ட நோக்கமுள்ள மிரர் கையொப்பமே இல்லாத போலிக் கோப்பைக் கொடுத்தாலும் நிறுவுகருவி அதை ஏற்றுக்கொண்டுவிடும். அதன் பிறகு 2023-இல், அதே கருவியின் 2.35-க்கு முந்தைய பதிப்புகள் தளத்தின் அடையாளத்தை உறுதிசெய்யும், பாதுகாப்பான இணைப்பின் சான்றிதழைக்கூடச் சோதிக்காதவை என்று தெரியவந்தது. பழைய கருவிகளை மாற்றாத கணினிகளில் இன்றும் இவை அப்படியேதான் இருக்கும். அத்தகைய கணினியில் பெயர் தெரியாத தளத்தின் கோப்பை நிறுவச் சொல்வது, அதிலும் பலர் செய்வதுபோல ரூட் அதிகாரத்தோடு (கணினி முழுவதையும் மாற்றக்கூடிய அதிகாரத்தோடு) நிறுவச் சொல்வது, என்ன ஆலோசனை என்று எனக்குப் புரியவில்லை.

மிரர் நடத்துவோருக்கும் இதில் பொறுப்பு உண்டு. 'பாஸ்' சர்வரை உருவாக்கிய ஆந்திரேயாஸ் கோனிக், கடந்த ஒரு மணி நேரத்தில், ஆறு மணி நேரத்தில், ஒரு நாளில் மாறிய கோப்புகளைத் தனித்தனிப் பட்டியல்களாகத் தரும் ஒரு முறையைப் பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதித் தந்துவிட்டார். களஞ்சியம் முழுவதையும் ஒப்பிட்டுக்கொண்டிராமல் அந்தச் சிறு பட்டியலை மட்டும் அடிக்கடி பார்த்து, மாறியதை மட்டும் எடுத்துக்கொண்டால், மிரர் மூலத் தளத்துக்கு மிக நெருக்கமாகவே இருக்கும். இரு பக்கச் சர்வர்களுக்கும் சுமை குறையும். அப்படியிருந்தும் நள்ளிரவில் ஒருமுறை ஓடும் நகலெடுப்போடு நிறுத்திக்கொள்வதற்குச் சோம்பலைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

இனி, அவசரம் எப்போது தேவை என்ற கேள்வி. பாதுகாப்புத் திருத்தமென்றால் காத்திருக்கக் கூடாது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் தன் பாதுகாப்புத் திருத்தங்களைத் தனிச் சர்வரிலிருந்து தருவதும், அதற்கு மற்றவர்கள் மிரர் வைப்பதை ஊக்குவிக்காததும் இக்காரணத்தால்தான். மற்றபடி, புதிய வசதிக்காக மட்டும் வரும் பதிப்பை முதல் நாளே நிறுவுவதில் ஆதாயத்தைவிட அபாயமே கூடுதல். 2024 மார்ச் இறுதியில் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்-இசட் (XZ) மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (பிறர் ரகசியமாக உள்ளே நுழையும் வழி) ஒளித்துவைக்கப்பட்டிருப்பது கண்டுபிடிக்கப்பட்டபோது, டெபியனின் நிலையான வெளியீட்டை வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள்; சிக்கியவர்கள் புதியதை உடனுக்குடன் ஏற்றும் சோதனை வெளியீடுகளைப் பயன்படுத்தியவர்களே. அந்தப் பதிப்புகள் அதிகாரப்பூர்வ வெளியீடுகளாகவே வந்திருந்ததால், மூலத் தளத்திலிருந்து பெற்றிருந்தாலும் அவர்களால் தப்பியிருக்க முடியாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுக் கல்லூரி ஆய்வகங்களிலும் சிறு நிறுவனங்களிலும் அப்படியே பின்பற்றக்கூடியவர்கள் பலர் இருப்பார்கள் என்பதால், வேறெந்தத் தளத்திலிருந்தும் இறக்கலாம் என்ற அந்த ஒரு வரிக்காவது தாங்கள் திருத்தம் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சர்வர் நிர்வாகி ஒருவர்,
மதுரை.