பின் நம்பரைச் சத்தமாகக் கேட்காதீர்கள்

கடை முதலாளிகளுக்கும் பெட்ரோல் பங்க் உரிமையாளர்களுக்கும் வணக்கம்.

போன வாரம் ஒரு ஜவுளிக் கடையில் பில் போட வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் எழுபது வயதிருக்கும் ஒரு பெரியவர். கல்லாவில் இருந்த பையன் அவருடைய டெபிட் கார்டை வாங்கி மெஷினில் செருகினான். தலை நிமிராமலே, "பின் நம்பர் சொல்லுங்கய்யா" என்றான். பெரியவருக்குக் காது கொஞ்சம் மந்தம் போல. "என்னப்பா?" என்றார். பையன் குரலை உயர்த்திக் கேட்டான். அவரும் அதே குரலில் நான்கு எண்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். பின்னால் நின்ற ஆறேழு பேர் காதிலும் விழுந்தது.

பையனைக் குறை சொல்ல மனம் வரவில்லை. மெஷினின் வயர் கல்லாவைத் தாண்டி வராது. பண்டிகைக் கூட்டம் வேறு. துணிப்பையின் வாயைக்கூட அவனே கட்டிக் கொடுத்தான். அதனால்தான் அவனிடம் சொல்லாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

கார்டையும் பின் நம்பரையும் பாதுகாக்க எவ்வளவு ஏற்பாடு இருக்கிறது, பாருங்கள். பழைய கார்டுகளின் முதுகில் இருந்த கறுப்புப் பட்டையில் விவரம் எப்போதும் ஒரே மாதிரி இருக்கும். ஒருமுறை நகலெடுத்தால் போலி கார்டு தயார். இப்போதைய கார்டின் சிப்புக்குள் சாவி போல இருக்கும் ரகசியத் தகவலோ வெளியே வருவதே கிடையாது. அதை வைத்து சிப் ஒவ்வொரு பில்லுக்கும் புதிதாக ஒரு குறியீட்டைக் கணக்கிட்டுக் கொடுக்கும். நேற்றைய குறியீடு இன்று செல்லாது. 2018 முடிவதற்குள் பட்டை கார்டுகளை மாற்றிவிடும்படி ரிசர்வ் வங்கி வங்கிகளை விரட்டியது இதற்காகத்தான்.

கடைகளில் டெபிட் கார்டுக்கு பின் நம்பர் கட்டாயமானது 2013 டிசம்பரில். வாடிக்கையாளர் தட்டும் எண்ணை மெஷின் தனக்குள்ளேயே பூட்டித்தான் வங்கிக்கு அனுப்புகிறது. உங்கள் பில் போடும் கம்ப்யூட்டருக்குக்கூட அது தெரியாது. யாராவது மெஷினைப் பிரித்தால் உள்ளே உள்ள சாவிகளை அது தானே அழித்துக்கொள்ளும். இவ்வளவு பத்திரமாகப் போகவேண்டிய எண்ணைத்தான் அந்தப் பெரியவர் வரிசையில் நின்ற எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்.

அதே எண்தான் ஏடிஎம்முக்கும். வெளியே வந்ததும் அவருடைய பர்ஸ் தொலைந்தால் என்ன ஆகும்? மூன்றாம் ஆளின் மோசடி என்றால் மூன்று வேலை நாளுக்குள் புகார் செய்தவருக்கு நஷ்டம் இல்லை என்று ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கை சொல்கிறது. ஆனால் ரகசிய எண்ணைத் தானே பிறரிடம் சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போன பணம் முழுக்க அவர் தலையில்தான். நீங்கள் கேட்டதால் சொன்னார். நஷ்டம் மட்டும் அவருக்கு. இது எனக்குத் தாங்கவில்லை.

சரி, என்ன செய்யலாம்? மெஷினை வாடிக்கையாளர் பக்கம் திருப்பி வையுங்கள். வயர் எட்டாவிட்டால், வயர் இல்லாத மெஷினை உங்கள் வங்கியிடம் கேளுங்கள். பங்க்கில் வண்டி அருகிலேயே மெஷினைக் கொண்டுவரச் சொல்லுங்கள். கல்லாவுக்கு மேலே இருக்கும் கேமரா பொத்தான்களைப் பார்க்காதபடி சற்று நகர்த்துங்கள். கார்டில் நான்கு வளைகோடுகள் இருந்து, அந்த வசதியும் திறந்திருந்தால் 5,000 ரூபாய் வரை கார்டை மெஷின் மேல் தட்டினாலே போதும். அப்போது பின் நம்பரே கேட்க வேண்டியதில்லை.

வயதானவர்கள் தடவித் தடவித் தட்டுவார்கள், தெரியும். 5 என்ற பொத்தானில் சிறு புள்ளி ஒன்று மேடாக இருக்கும், பாருங்கள். பார்வையில்லாதவர்களும் விரலால் தொட்டு எண்ணைக் கண்டுபிடிக்கத்தான் அது. அந்த அரை நிமிடம் உங்கள் பையன்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு காத்திருக்கட்டும். பின்னால் நிற்கும் நாங்கள் பொறுத்துக்கொள்கிறோம்.

அந்த ஜவுளிக் கடை முதலாளியிடம் இதன் பிரதியை நாளை நேரிலேயே கொடுக்கப் போகிறேன்.

இப்படிக்கு,
வரிசையில் நின்ற வாடிக்கையாளர் ஒருவர்