கூமுட்டைய 21 நாளும் உள்ள வெச்சிருக்கச் சொல்லாதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன இதழ்ல கோழி முட்டைய சூடு குடுத்துப் பொரிக்க வைக்கிற இன்குபேட்டர் மெஷின் பத்தி வந்த கட்டுரையப் படிச்சதுல இருந்து மனசே ஆறல. "முட்டைய அடுக்குன பெறகு 21 நாளைக்கு மூடியத் தொறக்காதீங்க, பொரிக்காத கூமுட்டைய கடைசியில எடுத்துப் போட்டுக்கலாம்"னு ஒரு வரி இருக்கு. ஐயா, இதே யோசனைய முன்னாடி உங்க பத்திரிகையில படிச்சு அப்படியே செஞ்சவன் நான், அதனாலதான் எழுதுறேன்.

48 முட்டை வெச்சேன். 13, 14 நாள் வாக்குல மெஷின் பக்கம் போனாலே லேசா ஒரு நாத்தம் வந்துச்சு, தொறக்கக் கூடாதுன்னு நீங்கதான் சொல்லியிருந்தீங்களேன்னு பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். 16ஆவது நாள் ராத்திரி டப்புன்னு ஒரு சத்தம், ஒரு முட்டை வெடிச்சு உள்ள இருந்த அழுகல் தண்ணி பக்கத்து முட்டை மேலெல்லாம் தெறிச்சிருச்சு. வீட்டுல யாரும் நிக்க முடியல. பதட்டத்துல ஈரத்துணியால ஒவ்வொரு முட்டையா தொடைச்சேன், அதுவும் தப்புன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது, ஓட்டுல ஆயிரக்கணக்குல இருக்குற நுண்ணிய துளை வழியா அந்த ஈரத்தோட கிருமியும் உள்ள போகும். அடுத்த ரெண்டு மூணு நாள்ல இன்னும் அஞ்சு முட்டை கெட்டுது. கடைசியில பொரிச்சது 9 குஞ்சு. டார்ச் அடிச்சுப் பாத்தப்போ வெடிச்சதச் சுத்தி இருந்த முட்டையில பாதிக்கு மேல வளந்த கரு அசையாம கெடந்துச்சு, அத இன்னும் என்னால மறக்க முடியல.

மூடியத் தொறக்கக் கூடாதுங்கறது கடைசி 3 நாளுக்கு உள்ள பேச்சுன்னு உங்களுக்குத் தெரியாததில்ல. 18ஆவது நாளுக்கு மேல குஞ்சு ஓட்டக் கொத்த ஆரம்பிக்கிறப்போ ஈரப்பதம் எறங்குனா உள்ள இருக்குற சவ்வு காஞ்சு குஞ்சு மேல ஒட்டிக்கும், அதுக்காகச் சொன்னது. அத எடுத்து 21 நாளுக்கும் நீட்டிட்டா எப்படி? தானா திருப்புற வசதி இல்லாத மெஷின் வெச்சிருக்கறவங்க தொறக்காம முட்டைய எப்படித் திருப்புவாங்கன்னு கட்டுரையாளர் ஒரு நிமிஷம் யோசிச்சாரா? அடைக்கோழியே தெனமும் கொஞ்ச நேரம் எழுந்து போய் தீனி தின்னுட்டுத்தான வருது, அஞ்சு நிமிஷம் தொறந்தா கரு செத்துராது.

இன்னொரு வருத்தம், பொரிக்காத எல்லாத்தையும் கூமுட்டைன்னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டாரு, காரணம் சேவல்னு வேற எழுதிட்டாரு. 7ஆவது நாள் இருட்டு ரூம்ல டார்ச் அடிச்சுப் பாத்தா சிலந்தி வலை மாதிரி நரம்பு ஓடுனா அது உயிர். ஒண்ணுமே இல்லாம தெளிவா இருந்தா கரு கூடாத முட்டை, அதுக்கு வேணா சேவலச் சொல்லுங்க. சிவப்பா ஒரு வளையம் மட்டும் நின்னா கரு உருவாகி செத்துருச்சுன்னு அர்த்தம், அதுக்கு சூடு ஏறி எறங்குனதோ முட்டைய ரொம்ப நாள் சேத்து வெச்சதோ காரணமா இருக்கலாம், சேவல் என்ன பண்ணும்? நிஜமா அழுகுனது வேற. நாத்தம் வரும், ஓட்டு மேல வேர்வை மாதிரி கசியும், அத ஆட்டாம மெதுவா எடுத்து கவர்ல போட்டுக் கட்டி வெளிய கொண்டு போய் பொதைச்சிட்டு கைய சோப்பு போட்டுக் கழுவணும். 7, 14, 18ஆவது நாள்னு மூணு தடவ டார்ச் அடிச்சுப் பாத்தா போதும், அப்படிப் பாத்திருந்தா நான் வெச்ச முட்டை தப்பிச்சிருக்கும்.

இது முதல் தடவையும் இல்ல. முன்னாடி ஒரு இதழ்ல அடை வைக்கிறதுக்கு முன்னாடி முட்டைய பச்சத்தண்ணியில கழுவச் சொல்லி எழுதுனீங்க. குளுந்த தண்ணி பட்டா முட்டைக்குள்ள இருக்குறது சுருங்கி வெளிய இருக்குற அழுக்க உள்ள இழுக்கும், ஓட்டு மேல இருக்குற பாதுகாப்புப் படலமும் போயிரும், அப்படிக் கழுவுன முட்டை அழுகி வெடிக்கிற முட்டையா மாறலாம். அப்பவே ரெண்டு பக்கத்துக்குக் கடிதம் எழுதுனேன், கெடச்சுதுன்னு ஒரு வரி கூட வரல. ஃபேன் உள்ள மெஷினுக்கு 37.5 டிகிரி செல்சியஸ் சூடு, ஃபேன் இல்லாததுக்கு முட்டையோட மேல்மட்டத்துல அளந்தா ஒரு டிகிரி போல கூட வேணும்னு எழுதியிருந்தேன், அதுவும் வரல, இந்தக் கட்டுரையிலயும் ரெண்டுக்கும் ஒரே கணக்குதான் போட்டிருக்கீங்க.

வருஷக்கணக்கா சந்தா கட்டிப் படிக்கிறவன் நான், அந்தப் பழக்கத்துலதான் உங்ககிட்ட இத்தன உரிமையா பேசுறேன். நான் கேக்குறது பெருசா ஒண்ணுமில்ல. அடுத்த இதழ்ல ஒரு சின்ன கட்டம் கட்டி, தொறக்கக் கூடாதது கடைசி 3 நாள் மட்டும்தான், அதுக்கு முன்னாடி மூணு தடவ பாத்து கெட்டத எடுத்துருங்கன்னு நாலு வரி போடுங்க. கட்டுரையப் படிச்சிட்டு இந்நேரம் யாராவது முட்டை அடுக்கியிருப்பாங்க, அவங்களுக்கு 7ஆவது நாள் தாண்டிருச்சுன்னாலும் 14ஆவது நாளுக்குள்ள இதழ் கைக்குப் போயிட்டா நல்லது.

இப்படிக்கு,
உங்க பழைய வாசகர்