வருடத்தையும் சேர்த்துப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வருடம் டிசம்பர் 26-ஆம் தேதி உங்கள் நாளிதழின் டிவி நிகழ்ச்சிப் பகுதியில் ஒரு வரி வந்திருந்தது. ‘மாலை 6.30 - முரட்டுக்காளை’. அவ்வளவுதான். அந்த ஒரு வரியால் எங்கள் வீட்டில் அண்ணன் தங்கைக்குள் இரண்டு நாள் பேச்சே இல்லாமல் போனது. அரையாண்டு விடுமுறை மறுபடியும் நெருங்குகிறது. அதனால்தான் முன்கூட்டியே எழுதுகிறேன்.

நாங்கள் காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூர். வீடு இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். ஆனால் இருப்பது நானும் என் வீட்டுக்காரரும்தான். வருடத்தில் பாதிக்கு மேல், நடு முற்றமான வளவைச் சுற்றியுள்ள அறைகள் பூட்டியே கிடக்கும். கிறிஸ்துமஸ் லீவு விட்டதும் மகன்கள் மூன்று பேரும் மகளும் குடும்பத்தோடு வந்து இறங்குவார்கள். பேரன் பேத்திகளையும் சேர்த்து எண்ணினால் பதினெட்டுப் பேர். ஆளுக்கொரு செல்போன் இருக்கிறது. இருந்தாலும் படம் என்றால் பட்டாலையில், அதாவது கூடத்தில், இருக்கும் ஒரே டிவியில், எல்லோரும் சேர்ந்துதான் என்பது நான் போட்ட சட்டம். மார்கழியில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரை சில்லென்று இருக்கும், பாய் விரித்துப் போர்வையோடு உட்கார்ந்துவிடுவோம்.

பதினெட்டுப் பேருக்கு ஒரு டிவி என்றால் எந்தப் படம் என்பதில் சண்டை வராதா? வந்தது. ஒரு வருடம் ரிமோட்டை வளவு முற்றத்தில் வீசி எறிகிற அளவுக்கு வந்தது. நான் கூட்டுறவு வங்கி ஒன்றில் முப்பத்தோரு வருடம் கணக்கு எழுதியவள். அதற்கு மறு வருடமே ஒரு பழைய பேரேட்டை எடுத்து, புள்ளிக்கு ஒரு படம் என்று முறை வைத்தேன். எங்கள் பக்கத்தில் கோயில் வரி புள்ளிக் கணக்குத்தான், கல்யாணம் ஆனால் தனிக் குடும்பமாக ஒரு புள்ளி. மகளுக்குக் கோயில் கணக்கில் இங்கே புள்ளி கிடையாது, டிவி கணக்கில் உண்டு. அதில் மட்டும் நான் தாராளம். குழந்தைகள் எட்டுப் பேருக்கும் சேர்த்து ஒன்று, எனக்கும் வீட்டுக்காரருக்கும் சேர்த்து ஒன்று. அவரவர் முறைக்கு அவரவர் சொல்லும் படம். பேரேட்டில் எழுதிக் கையெழுத்தும் போட வேண்டும். ஒரு முறை எழுதியதை மாற்றக் கூடாது.

படத்தை எதைப் பார்த்து எழுதுவார்கள்? உங்கள் பேப்பரைப் பார்த்துத்தான்.

இனி 26-ஆம் தேதிக்கு வருகிறேன். அன்று நடுவுள்ளவன் முறை. முரட்டுக்காளை 1980 டிசம்பரில் வந்த படம், அவனும் அதே டிசம்பரில் பிறந்தவன். அவனைப் பெற்றுப் படுத்திருந்ததால் அப்போது நான் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. ‘உன்னால்தான் ரஜினியைப் பார்க்கவில்லை’ என்று அவனிடம் நாற்பது வருடமாகச் சொல்லிக் காட்டுகிறேன். போதாதற்கு அது எங்கள் மண்ணின் படம். எடுத்த எஸ்.பி.முத்துராமன் காரைக்குடிக்காரர், எழுதிய பஞ்சு அருணாசலம் சிறுகூடல்பட்டி. தயாரித்த ஏவிஎம் காரைக்குடி மெய்யப்ப செட்டியார் தொடங்கிய நிறுவனம். அவர் ஸ்டுடியோவைச் சென்னைக்கு மாற்றும் முன் இங்கே தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டுத்தான் ‘நாம் இருவர்’ எடுத்தார், 1947-ல் வெளிவந்தது. காரைக்குடிக்குப் போகும்போதெல்லாம் என் அப்பச்சி, அதாவது அப்பா, அதைச் சொல்லாமல் இருந்ததில்லை. இதையெல்லாம் அன்று மத்தியானமே பேரப் பிள்ளைகளுக்குச் சொல்லி, ஆசையைக் கிளப்பி வைத்திருந்தேன்.

ஆறரைக்கு வெள்ளைப் பணியாரம் ஒரு சட்டி, வரமிளகாய்த் துவையல், எல்லாம் தயார். படம் ஆரம்பித்தது. வந்தவர் ரஜினி இல்லை, சுந்தர் சி. அதே பெயரில் 2012-ல் மறுபடி எடுத்த படம்!

அந்தப் படத்தைக் குறை சொல்ல வரவில்லை. குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்துத்தான் பார்த்தார்கள். ஆனால் நடுவுள்ளவன் ‘இது என் முறையில் சேராது, எனக்கு வேறு நாள் வேண்டும்’ என்றான். மகளோ ‘நீ எழுதிய படம் வந்துவிட்டது, முறை தீர்ந்தது தீர்ந்ததுதான்’ என்றாள். பேரேட்டைப் புரட்டினால் அவன் கையெழுத்துக்கு மேலே ‘முரட்டுக்காளை’ என்று மட்டும்தான் இருக்கிறது. கணக்குப்படி மகள் சொன்னதுதான் சரி. அப்படியே தீர்ப்பும் சொன்னேன். அவன் பணியாரத்தைத் தொடாமல் மாடிக்குப் போய்விட்டான்.

ஐயா, இது எங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த சங்கடம் இல்லை. பில்லா என்றால் 1980-ஆ, 2007-ஆ? படிக்காதவன் 1985-லும் இருக்கிறது, 2009-லும் இருக்கிறது. மாப்பிள்ளைக்கு 1989, 2011. விக்ரமுக்கு 1986, 2022. தமிழில் பெயருக்கு என்ன பஞ்சமோ தெரியவில்லை. பக்கத்தில் நான்கு இலக்கம் அச்சிட எவ்வளவு மை செலவாகிவிடும்?

வருடத்தோடு படத்தின் நீளத்தையும் போட்டால் புண்ணியமாகப் போகும். எங்கள் இருவர் முறைக்கு நாங்கள் எழுதுவது பெரும்பாலும் ‘தில்லானா மோகனாம்பாள்’. பள்ளத்தூரில் இருந்துகொண்டு மனோரமாவை விட முடியுமா, இங்கே வளர்ந்தவர் அல்லவா. படம் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. விளம்பரத்தோடு நான்கு மணி நேரம் என்றால் மத்தியானச் சாப்பாட்டை அதற்குத் தகுந்தபடி தள்ளி வைக்கலாம். ஒரு வருடம் ஒரு சேனலில் பத்து மணிக்கு ஆரம்பித்து ஒன்றரைக்கே முடித்துவிட்டார்கள். விளம்பரத்துக்கும் குறைவில்லை. பிறகுதான் புரிந்தது, மனோரமா ஜில் ஜில் ரமாமணியாக வரும் காட்சிகளிலேயே கத்தரி விழுந்திருக்கிறது. நீளம் தெரிந்தால் கத்தரித்ததா இல்லையா என்று கூட்டிக் கழித்துப் பார்த்துவிடலாம்.

எங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. திருக்கார்த்திகையிலிருந்து 21-ஆம் நாள் பிள்ளையார் நோன்பு. சில வருடம் கிறிஸ்துமஸை ஒட்டியே வந்துவிடும். வீட்டில் பெரியவர் எரிகிற திரியோடு இழை மாவு உருண்டையை எடுத்துக் கையில் கொடுக்க, அதை அப்படியே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். அந்த நேரத்தில் பட்டாலையில் டிவி ஓடினால் நன்றாகவா இருக்கும்? படம் எத்தனை மணிக்கு முடியும் என்று தெரிந்தால் பிள்ளையாரைக் காக்க வைக்காமல் இருக்கலாம்.

குழந்தைகள் முறையில் எப்போதும் ஒரே படம்தான், ‘ஹோம் அலோன்’. 1990-ல் வந்த ஆங்கிலப் படம், தமிழ் பேச விட்டும் போடுகிறார்கள். குடும்பமே பாரிஸுக்குக் கிளம்பிய அவசரத்தில் எட்டு வயதுப் பையனை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போய்விடுகிறது. திருடர்கள் வருகிறார்கள். அவன் தனியாகச் சமாளிக்கிறான். பெரிய வீட்டில் தனியாக இருப்பது எப்படி என்று என்னைக் கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன். ஆனால் எங்கள் பக்கத்துத் திருடன் நகையைத் தேட மாட்டான், நிலையோடு கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுவான். ‘தமிழில்’ என்று அடைப்புக்குறிக்குள் ஒரு சொல் போட்டால் போதும், கடைக்குட்டி இரண்டு மணி நேரம் என் மடியில் உட்கார்ந்து அர்த்தம் கேட்காது.

சிங்கப்பூர் மகன் எழுதிய படத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’, 1946, கறுப்பு வெள்ளை. எந்தச் சேனலிலும் வரவில்லை என்று ஏதோ இணைப்பு கொடுத்து டிவியில் போட்டான். அமெரிக்காவில் 1974-ல் அதன் உரிமையைப் புதுப்பிக்க மறந்துவிட்டார்களாம். காசு கொடுக்க வேண்டியதில்லை என்றதும் டிசம்பர் வந்தாலே எல்லா டிவிக்காரர்களும் போட்டுப் போட்டு, அதுவே கிறிஸ்துமஸ் படமாகிவிட்டதாம். நானும் கிறிஸ்துமஸ் கதை என்றுதான் உட்கார்ந்தேன். பார்த்தால் லேவாதேவிக் கடைக் கதை! சிறுகச் சிறுகப் பணம் போட்ட ஊர்க்காரர்கள் ஒரே நாளில் வந்து திருப்பிக் கேட்கிறார்கள். கடையை நடத்தும் கதாநாயகன், கல்யாணமான கையோடு தேன்நிலவுக்கு வைத்திருந்த பணத்தை எடுத்துக் கொடுத்துக் கொடுத்து, கடை சாத்தும்போது இரண்டே டாலர் மிச்சம். பர்மாவில் லேவாதேவிக் கிட்டங்கி வைத்திருந்த என் ஐயா, அதாவது தாத்தா, இருந்திருந்தால் எழுந்து நின்று பார்த்திருப்பார். பிறகு அந்தக் கடையில் முதலாளிக்கு அடுத்த பொறுப்பில் இருக்கும் அடுத்தாள் எட்டாயிரம் டாலரைத் தொலைக்கிறார். எப்படித் தெரியுமா? செய்தித்தாளுக்குள் வைத்து மடித்து, எதிராளி கையிலேயே கொடுத்துவிடுகிறார். முப்பத்தோரு வருடம் கணக்கு எழுதியவளுக்கு அந்த இடத்தில் வயிறு கலங்கிவிட்டது. என் வீட்டுக்காரர் முதல் அரை மணியிலேயே தூங்கிப்போனார் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சரி, நான் கேட்பது இதுதான். டிசம்பர் 24 முதல் ஜனவரி 1 வரை வரும் படங்களை நாளுக்கு நாள் துண்டு துண்டாகப் போடாமல், 23-ஆம் தேதிக்குள் ஒரே பக்கத்தில் போட்டுவிடுங்கள். பெயருக்குப் பக்கத்தில் வருடம், எடுத்தவர் பெயர், ஆரம்பிக்கும் நேரம், முடியும் நேரம். சேனல்கள் கடைசி நேரத்தில் மாற்றினால் அது உங்கள் குற்றம் இல்லை, பேரேட்டில் அதற்கும் ஒரு கட்டம் போட்டிருக்கிறேன்.

இந்த வருடம் முதல் முறை நடுவுள்ளவனுக்கு. போன வாரம் போனில் பேசும்போதே ‘ஆத்தா, இந்தத் தடவை வருடத்தையும் சேர்த்து எழுதித்தான் கையெழுத்துப் போடுவேன்’ என்று சொல்லிவிட்டான்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
பள்ளத்தூர்.