சோற்றின் மேல் பழி

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்தியதில் சந்தோஷம். மூன்று மாதமாகச் சோற்றைத் தொடாமல் நெய்யும் முட்டையுமாக ஓட்டி, ஐந்து கிலோ குறைத்துவிட்டாயாமே, சபாஷ். ஆனால் "சோறு அப்படியே கொழுப்பாக மாறிவிடுகிறது" என்று எழுதியிருந்தாயே, அங்கேதான் எனக்கு வழக்கு.

மாவுச்சத்தை உடம்பு அவ்வளவு லேசில் கொழுப்பாக்குவதில்லை. முதலில் எரிக்கும். மிஞ்சியதை ஈரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்ற கையிருப்புச் சர்க்கரையாகச் சேர்த்து வைக்கும். அங்கே இடம் நிரம்பிய பிறகும் நாள்கணக்கில் அளவு மீறித் தின்றால்தான் அதைக் கொழுப்பாக்கும் வேலை மும்முரமாகும்; அதிலும் ஏறக்குறைய கால்வாசி ஆற்றல் வீண். கூடவே போன எண்ணெய்க்கு இந்தச் சிரமமே கிடையாது. உடம்பு சோற்றை எரித்துக்கொண்டிருக்க, அது நேரே தொப்பையில் போய் உட்கார்ந்துகொள்ளும். நாம் அப்பளத்தையும் வறுவலையும் விட்டுவிட்டுச் சோற்றைத் திட்டுகிறோம்.

1939 வாக்கில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வால்டர் கெம்ப்னர் என்ற மருத்துவர், ரத்தக்கொதிப்பும் சிறுநீரகக் கோளாறும் முற்றியவர்களுக்கு வெள்ளைச் சோறு, பழம், சர்க்கரை என்றே கொடுத்துப் பார்த்தார். உப்பும் இல்லை, எண்ணெயும் இல்லை. பலருக்குக் கொதிப்பு இறங்கியது. பிறகு உடல் பருமனுக்கும் அதையே கொடுத்தார். குழம்பில்லாத சோற்றை எவ்வளவுதான் தின்ன முடியும், சொல்!

2021இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 20 பேரை ஆய்வகத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் கொழுப்பு குறைந்த சைவ உணவு, இரண்டு வாரம் மாவு குறைந்த, கொழுப்பு மிகுந்த கீட்டோ உணவு, வேண்டிய மட்டும் சாப்பிடுங்கள் என்றார்கள். சைவத்தில் ரத்தச் சர்க்கரையும் இன்சுலினும் கூடுதலாகத்தான் ஏறின. ஆனாலும் கீட்டோவைவிடத் தினம் 690 கலோரி போலக் குறைவாகச் சாப்பிட்டு, உடல் கொழுப்பும் குறைந்தது. இன்சுலின் ஏறினால் கொழுப்பு கரையாது என்பாயே, இதற்கு என்ன பதில்?

அதற்காக என் கட்சிதான் ஜெயித்தது என்று சொல்லவில்லை. 609 பேரை ஒரு வருஷம் தொடர்ந்து பார்த்த 2018 ஆய்வில் கொழுப்பைக் குறைத்தாலும் மாவைக் குறைத்தாலும் எடை ஏறக்குறைய ஒரே அளவுதான் இறங்கியது. அப்புறம், மாவு கூடினால் டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பும் ஏறும். எனக்கு 210 வந்து, இப்போது பாதிச் சோற்றுக்குப் பதில் சுண்டலும் கீரையும்தான்.

உன் எல்.டி.எல்., அதுதான் கெட்ட கொலஸ்ட்ரால், எவ்வளவு என்று எழுதவே இல்லையே? அவ்வளவு நெய் போகிறது. பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
ராமு